பழைய பேஸ் கிதாரா, பழசாக்கிய பேஸ் கிதாரா: வாங்குமுன் கழற்றிப் பார்க்கும் முறை

கோவையில் நண்பர் ஒருவரின் பட்டறை மேசை மீது ஜாஸ் பேஸ் என்னும் வகைக் கிதார்கள் இரண்டு அருகருகே கிடந்த ஒரு பிற்பகலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. இரண்டிலும் வலது முழங்கை படும் இடத்தில் வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. இரண்டின் முதுகிலும் பெல்ட் பக்கிள் உரசிய வடுக்கள் இருந்தன. இரண்டின் உலோகப் பாகங்களும் ஒளி மங்கியிருந்தன. ஒன்று 1966இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்டன் நகரில் இருந்த ஃபெண்டர் ஆலையில் செய்யப்பட்டது. மற்றது செய்து பத்தாண்டுகூட நிரம்பாதது. பத்தடி தள்ளி நின்று பார்த்த எனக்கும் நண்பருக்கும் புதியதுதான் பழையதாகத் தோன்றியது. திருகுகளைக் கழற்றி உள்ளே பார்க்கும் வரையில் அந்த எண்ணம் மாறவில்லை.

மாடு பிடிக்கத் தெரிந்த கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கண்ணபுரம் சந்தையில் கொம்பைச் சீவி மினுக்கி எண்ணெய் தடவிக் கொண்டுவந்து நிறுத்தினாலும், வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் யாரும் விலை பேசத் துண்டுக்குள் கையை நீட்டுவதில்லை. பேஸ் கிதாருக்கும் அப்படி ஒரு வாய் இருக்கிறது. கழுத்தும் உடலும் சேரும் குழி, முகத்தைக் கீறலிலிருந்து காக்கும் பிக்கார்டு தகட்டின் அடிப்பக்கம், கம்பிகளை உடலோடு தாங்கும் பிரிட்ஜின் அடிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களைப் பார்க்க அனுமதிக்காத விற்பனையாளரிடம், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், பழைய கிதாருக்கான விலையைக் கொடுக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வருவதன் சாரம். எப்படிப் பார்ப்பது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

எது எந்தக் காலத்தது

ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டரின் ப்ரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது. ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது. 1965 ஜனவரியில் அந்த நிறுவனம் சி.பி.எஸ். என்ற பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்டதால், அதற்கு முன் செய்யப்பட்டவற்றுக்குத் தனி மதிப்பும் தனி விலையும் ஏற்பட்டுவிட்டன; போலிகளில் பெரும்பகுதி அந்தக் கோட்டைத் தாண்டி முன்னே போக முயல்வதற்குக் காரணம் இதுதான். செயற்கையாகப் பழசாக்கிய கிதார்களை ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் பிரிவு 1995இல் முறையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்க ஆண்டுகளில் அவற்றின் உடலையும் கழுத்தையும் வின்ஸ் குனெட்டோ என்பவர் தம் பட்டறையில் தேய்த்துப் பழமைப்படுத்திக் கொடுத்தார். இவை ரெலிக் என்ற பெயரில் புகழ்பெற்றன. மெக்சிகோவில் செய்த, விலை குறைந்த ரோடு வார்ன் வரிசை 2009இல் வந்தது.

பழசாக்கிய கிதாரை நான் தாழ்வாக நினைப்பவன் அல்லன். கழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருப்பதால் முதல் நாளே கைக்கு இதமாக இருக்கும்; திருவிழா மேடையில் மெல்லிசைக் குழுவுடன் வாசிக்கும்போது ஒரு கீறல் கூடுதலாக விழுந்தாலும் மனம் பதறாது. அது தன் பெயரிலேயே, தன் விலையிலேயே விற்கப்படும் வரையில் நேர்மையான பொருள்தான். அதன் அடையாளங்களைச் சுரண்டிவிட்டு 1964 என்று பெயர் சூட்டும்போதுதான் அது ஏமாற்றுப் பொருளாகிறது. கஸ்டம் ஷாப் கிதார்களில் தலைப்பகுதியின் பின்புறம் அந்தப் பிரிவின் முத்திரை இருக்கும். ஆகவே தலையின் பின்புறத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, அங்கே மட்டும் மேற்பூச்சான லாக்கர் பள்ளமாகவோ வேறு பளபளப்பாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேற்கொண்டு பேசாமல் திரும்பிவிடலாம்.

கொண்டு போக வேண்டியவை

நன்றாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர்கள் இரண்டு அளவில், ஒரு டார்ச், ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா ஒளி டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, திருகுகளைப் போட்டுவைக்க ஒரு கிண்ணம், விரிக்க ஒரு வெள்ளைப் பருத்தித் துணி ஆகியவை போதும். மின்விளக்கை விட முற்பகல் வெயில் சிறந்தது. திருகைக் கழற்றும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிக்கோ ஈரோட்டுக்கோ பேருந்து ஏறிப் போய் நின்ற பிறகு அதைக் கேட்பது சங்கடம்.

வண்ணமும் வெடிப்பும்

1960களின் பிற்பகுதி வரை ஃபெண்டர் பயன்படுத்தியது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். நம் ஊர்க் கார் பெயிண்டர்கள் இன்றும் டூக்கோ என்று சொல்கிறார்களே, அது டூபான்ட் நிறுவனம் கார்களுக்காக விற்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் பெயர். அதே டூக்கோவும், அதே நிறுவனத்தின் லூசைட் என்ற அக்ரிலிக் லாக்கரும்தான் ஃபெண்டரின் தனிவண்ணக் கிதார்களுக்கும் போனவை. இதனால் பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பெயிண்டர் ஒருவர் கூட வந்தால், கிதாரைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும், வண்ணம் எப்போது அடித்தது என்பதைப் பற்றி அவர் சொல்லும் சொல்லுக்கு மதிப்புண்டு. 1968 வாக்கில் தடித்த பாலியஸ்டர் பூச்சு வந்தது. அது மெல்லிய வலைபோல வெடிக்காது. அடிபட்ட இடத்தில் கெட்டியான சில்லாகப் பெயரும். 1970களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் கிதாரில் உடல் முழுதும் நுண்வெடிப்பு படர்ந்திருந்தால், பின்னால் யாரோ வேறு பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நுண்வெடிப்பு உண்டாவது, மரமும் லாக்கரும் திடீர்க் குளிரில் வெவ்வேறு அளவில் சுருங்குவதால். பனிக்கால இரவில் வண்டியில் கிடந்த பெட்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால் ஒரே நாளில்கூட வெடிப்பு ஓடிவிடும். செயற்கையாகச் செய்பவர்கள் உறைபெட்டியில் வைத்தும், குளிர்காற்றைப் பீய்ச்சியும், சிலர் பிளேடால் கோடு கீறியும் இதை உண்டாக்குகிறார்கள். பிளேடுக் கோட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரு கரையும் ஒரே நேராக இருக்கும், கோடு திடீரென்று நின்றுவிடும். இயல்பான வெடிப்பு கிளைவிட்டு, வளைந்து, உடலின் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டிலும் இறங்கும், பல ஆண்டு அழுக்கு அதற்குள் சமமில்லாமல் படிந்திருக்கும். இதில் நம் ஊருக்கென்று ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும். ஒருவர், 'இது நாற்பது வருடமாகக் கரூரிலேயே இருந்த கிதார்' என்று சொல்லி, தலைமுதல் அடிவரை குளிர்வெடிப்பு நிறைந்த ஒன்றை நீட்டினால், அந்த வெடிப்பு எந்தக் குளிரில் வந்தது என்று கேளுங்கள். கரூர் வெயிலில் நெடுங்காலம் இருந்த லாக்கரில் நான் கண்டது வேறு: அது இளகி, ஸ்டாண்டின் ரப்பரும் ரெக்சின் வாரும் பட்ட இடங்களில் பிசுபிசுத்துத் தழும்பாகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து அண்மையில் வந்தது என்றால் வெடிப்பு பொருந்தும். அப்போது அது வந்த கதைக்குக் காகிதம் இருக்க வேண்டும்.

ஊதா ஒளியை இருட்டறையில் காட்டினால் பழைய நைட்ரோ லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னால் தொட்டுப் பூசிய இடங்கள் கறுப்புத் திட்டாகவோ வேறு நிறத்திலோ பிரிந்து தெரியும். பிக்கார்டையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். 1960களின் முற்பகுதியின் ஆமையோட்டு நிறப் பிக்கார்டுகள் செல்லுலாய்டால் ஆனவை. செல்லுலாய்டில் கற்பூரம் கலந்திருப்பதால், ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கினால் மெலிதாகக் கற்பூர வாசம் வரும். சூடான ஊசியால் குத்திப் பார்ப்பது மிக ஆபத்து, அது சடாரென்று பற்றி எரியக்கூடிய பொருள். பழைய செல்லுலாய்டு சுருங்கும். அதனால் திருகுத் துளைகள் இழுபட்டு, திருகுகள் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும், சில துளைகளின் ஓரம் விரிசல்விட்டிருக்கும். புதிய போலிப் பிக்கார்டும் செல்லுலாய்டாக இருக்கலாம் என்பதால் வாசம் மட்டும் முடிவாகாது. சுருக்கமும் வாசமும் சேர்ந்திருந்தால் அது நல்ல அறிகுறி. திறந்ததும் தின்னர் நெடி அடிக்கும் கிதாரை மட்டும் உடனே மூடிவிடுங்கள்.

கை பட்ட இடங்கள்

தேய்மானம் வாசிப்பின் தடம். பேஸ் வாசிப்பவரின் இடக்கை முதல் ஏழு பிரெட்டுகளுக்குள் (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) நெடுநேரம் நிற்கும். கழுத்தின் பின்புறத்தில் கட்டைவிரல் போகும் பாதை ஒரு நீளமான மங்கிய பட்டையாக இருக்கும். மேப்பிள் விரற்பலகையில் லாக்கர் தேய்ந்து, மரத்தின் நார்க்குள் அழுக்கு சாம்பல் கலந்த கறுப்பாக ஊறியிருக்கும். துணியில் சிறிது நீர் தொட்டுத் துடைத்தால் அது வராது. பழசாக்கிய கிதாரில் எல்லாப் பிரெட் இடைவெளியிலும் ஒரே அளவு முட்டைவடிவத் தேய்வு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பதினைந்தாம் பிரெட்டுக்கு மேல் அந்த அளவு யாரும் வாசிப்பதில்லை. பலகை குழியும் அளவுக்குத் தேய்ந்திருக்க, பிரெட் கம்பிகள் மட்டும் முழு உயரத்தில் நின்றால், பிரெட் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றியது குற்றமன்று, அது விலையில் தெரிய வேண்டும், அவ்வளவே.

குரோம் மூடிகளை மறக்க வேண்டாம். அக்காலக் கிதார்கள், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மீதும் பிரிட்ஜ் மீதும் மூடியுடன்தான் ஆலையிலிருந்து வந்தன. வாசிப்பவர்கள் பின்னால் கழற்றிப் போட்டார்கள். மூடி நெடுநாள் இருந்த இடத்தில் வண்ணம் மங்காமல் நிழல்போல நிற்கும், திருகுத் துளைகளும் இருக்கும். துளை இருந்து நிழல் இல்லையென்றால், முகம் முழுதும் ஒரே நாளில் மங்கவைக்கப்பட்டது என்றே பொருள் கொள்ளலாம்.

கழுத்தைக் கழற்றுதல்

கம்பிகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு, கிதாரை வெள்ளைத் துணி மீது குப்புறக் கிடத்தி, கழுத்துத் தகட்டின் திருகுகளைக் கழற்றுங்கள். தகட்டில் அடித்திருக்கும் வரிசை எண்ணை வைத்து ஆண்டைச் சொல்லிவிட முடியாது. ஃபெண்டரின் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும், தகட்டை மட்டும் மாற்றுவதும் எளிது. தகட்டை எடுத்ததும் அடியிலிருக்கும் வண்ணத்தைப் பாருங்கள்: பல ஆண்டு அழுந்திய தகடு லாக்கரில் தன் வடிவத்தைப் பதித்திருக்கும்.

கழுத்தின் அடிப்பகுதியில் 1962 வரை பென்சிலாலும், அதன்பின் ரப்பர் முத்திரையாலும் தேதி இடப்பட்டது. 1960களின் நடுப்பகுதி முத்திரையில் முதல் எண் வகையைக் குறிக்கும்: ப்ரிசிஷனுக்கு 5, ஜாஸ் பேஸுக்கு 7. அதையடுத்து மாதமும் ஆண்டும், கடைசியில், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பதியும் நட்டின் அகலத்தைக் குறிக்கும் எழுத்தும் வரும். ஜாஸ் பேஸின் வழக்கமான ஒன்றரை அங்குலத்துக்கு ஏ, ப்ரிசிஷனின் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு சி. எங்கள் மேசை மீதிருந்த பழைய கிதாரில் 7 என்ற எண் பாதி அழிந்து, மையின் ஓரங்கள் மரநாரின் வழியே மயிரிழைபோலக் கசிந்திருந்தன. அந்தக் கசிவைத்தான் நான் தேடுவேன். லாக்கரின் மேல் நிற்கும் கூர்மையான கறுப்பு எழுத்து என்னை ஐயப்பட வைக்கும். முத்திரை கழுத்தின் தேதியைத்தான் சொல்லும் என்பதையும், முழுக் கிதாரும் அதிலிருந்து சில மாதங்கள் பின்னால்கூட ஒன்றுசேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடலின் குழிக்குள் பாருங்கள். 1960களின் முற்பகுதியிலிருந்து, வண்ணம் அடிக்கும்போது பிடிப்பதற்காகக் குழியில் ஒரு கட்டையைத் திருகிவைத்தார்கள். அது இருந்த பட்டை வண்ணம் படாமல் இருக்கும். 1960களின் நடுப்பகுதி வரை, உடலை மேசையில் உயர்த்தி நிறுத்த ஆணிகள் அடித்தார்கள். அந்த ஆணித் துளைகளுக்குள் வண்ணம் இருக்காது. துளைக்குள் வண்ணம் நிறைந்திருந்தால் உடல் மறுபடி வண்ணம் பெற்றிருக்கிறது. மறுவண்ணம் அடித்த கிதார், மற்றவை அனைத்தும் அசலாக இருந்தாலும், அசல் வண்ணமுள்ளதன் விலையில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் போகும் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

மின்பாகங்கள்: நான் ஏமாந்த இடம்

ப்ரிசிஷனில் வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியிலிருக்கும் பாட்கள் பிக்கார்டோடு சேர்ந்து வரும். ஜாஸ் பேஸில் தனிக் குரோம் தகட்டைக் கழற்றினால் போதும். பாட்டின் உறையில் ஒரு வரி எண் இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் செய்த நிறுவனத்தைக் குறிக்கும்: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலேப். கடைசி இரண்டு இலக்கங்கள் ஆண்டின் வாரம், அதற்கு முன்னுள்ளவை ஆண்டு. 304 66 21 என்று இருந்தால், ஸ்டாக்போல் 1966இன் 21ஆம் வாரத்தில் செய்தது. பாட் அசலாக இருந்தால், கிதார் அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்திருக்க முடியாது, பின்னால் பிறந்திருக்கலாம். ஃபெண்டர் 1966இல் பெருமளவில் பாட் வாங்கிக் குவித்ததால், 1966 எண் கொண்ட பாட்கள் அதற்கு அடுத்த ஆண்டுகளின் கிதார்களிலும் கிடக்கின்றன. அதைக் கண்டு போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

பல ஆண்டுகளுக்கு முன் 1972ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் என்று சொல்லப்பட்ட ஒன்றை, இந்த வரியைப் படிக்கத் தெரியாமல், ஒரு பழைய காரின் விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறு மாதம் வாசித்த பிறகு, இரைச்சல் வந்ததால் தகட்டைக் கழற்றினேன். 137 94 21 என்று எழுதியிருந்தது. பாட் மட்டும் மாற்றப்பட்டிருக்கலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கழுத்தையும் கழற்றினேன். குழியின் விளிம்பு கணினி அறுத்ததுபோல் கூராக இருந்தது, தேதி முத்திரை இல்லை, கழுத்துக்கும் உடலுக்கும் நடுவே புத்தம்புதிய மரத்தூள் இருந்தது. விற்றவரின் தொலைபேசி அதன்பின் எடுக்கப்படவில்லை. அந்தப் பணத்தை விட அந்த ஆறு மாதம் எல்லோரிடமும் அதைப் பழையது என்று காட்டி மகிழ்ந்ததுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

எண்ணோடு ஈயப் பற்றையும் படியுங்கள். தொடப்படாத பழைய பற்று மங்கிய சாம்பல் நிறத்தில், ஒரே மூச்சில் வைத்ததுபோல் வழவழவென்று இருக்கும்; மறுபடி சூடாக்கியதில் இரண்டு சாயலும் எரிந்த பசையும் தெரியும். 1960களின் இறுதி வரை கம்பிகளுக்குத் துணியுறை இருந்தது, அதன்பின் பிளாஸ்டிக்.

உலோகம்

கோவையில் முலாம் பூசும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை என்பது நமக்கு ஒரு வசதி. எங்கள் மேசை மீதிருந்த இரண்டு பிரிட்ஜ்களையும் கழற்றி, நிக்கல் பூசும் பெரியவர் ஒருவரிடம் எதையும் சொல்லாமல் கொடுத்தோம். ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்ததும், "ஏனுங்க தம்பி, இது தானா ஏறுன துரு இல்லீங்க. ஆசிட் புகையில காட்டி எடுத்திருக்காங்க" என்றார். காரணத்தையும் காட்டினார்: வியர்வைத் துரு உள்ளங்கை படும் பக்கத்தில்தான் கனமாக இருக்கும், மரத்தை ஒட்டிய அடிப்பக்கமும் கம்பி ஏறி நிற்கும் சேடிலுக்குக் கீழே மறைந்த பகுதியும் பளிச்சென்றே இருக்கும், ஆசிட் புகை இடம்பார்க்காது, திருகின் புரிக்குள்ளும் ஒரே சீராக ஏறிவிடும். பழையதன் அடியில் லாக்கரில் ஒரு கம்பியின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. எர்த் கம்பி பிரிட்ஜின் அடியில் அழுந்திக் கிடந்த வடு அது. புதியதிலும் கம்பி இருந்தது, வடு இல்லை.

ஆண்டும் அமைப்பும் பொருந்துகின்றனவா

இதை வீட்டிலிருந்தே, படங்களை வைத்துச் செய்துவிடலாம். ப்ரிசிஷனின் இரு துண்டுப் பிக்கப் 1957இல் வந்தது. அதன் ரோஸ்வுட் விரற்பலகை 1959இல் வந்தது. ஜாஸ் பேஸின் இரட்டை அடுக்குக் குமிழ்கள் தொடக்க இரண்டு ஆண்டுகளுக்கே உரியவை. விரற்பலகையின் ஓரப் பட்டையும், பலகையில் இடக்குறியாகப் பதித்த கட்டவடிவத் துண்டுகளும் (கட்டப்பதிப்பு) 1965, 1966 வாக்கில் வந்தன. பின்பக்கப் பிக்கப் 1970களின் தொடக்கத்தில் பிரிட்ஜை நோக்கிச் சற்று நகர்ந்தது. 1975 வாக்கில் கழுத்துக்கு மூன்று திருகு வந்தது. 1963 என்ற விளம்பரத்தில் கட்டப்பதிப்பு இருந்தால் பயணச் செலவு மிச்சம்.

ஜப்பான் கிதார்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கொங்குப் பகுதியில் உண்மையாகவே பழைய கிதார் கிடைக்க வாய்ப்பு அதில்தான் அதிகம் என்பது என் அனுபவம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த உறவினர் கையில் வந்து, தேவாலய இசைக்குழுவிலோ வீட்டுப் பரணிலோ கிடப்பவை. 1982இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பானின் ஜே.வி. எண் கொண்ட கிதார்கள், ஐம்பதுகள், அறுபதுகளின் மாதிரியில் செய்த மறுபதிப்புகள். அவையே இன்று நாற்பது வயதைக் கடந்து இயல்பாகப் பழசாகிவிட்டன. அவற்றை 1962 என்று சொல்லி விற்றால் மோசடி, 1982 என்று சொல்லி விற்றால் மிக நல்ல கொள்முதல்.

மரமும் காகிதமும்

1960களின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் பயன்படுத்தியது பிரேசில் ரோஸ்வுட். அதன்பின் இந்திய ரோஸ்வுட், அதாவது ஆனைமலையிலும் நீலகிரியிலும் வளரும் நம் ஈட்டி மரத்தின் இனம். பிரேசில் மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த விரற்பலகையுள்ள கிதாரை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் உரிய அனுமதிச் சான்று இல்லாமல் சுங்கத்தில் சிக்கிக்கொள்ளும். ஈட்டி 2017இல் இரண்டாம் பட்டியலில் சேர்ந்து, முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குப் பெற்றது.

எல்லாம் பொருந்தினால், பணம் கொடுக்கும் முன் ஒரு சீட்டு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உடல், கழுத்து, பிக்கப், பாட், வண்ணம், பிரெட், ட்யூனர் என்று ஒவ்வொன்றாக எழுதி, அதற்கு எதிரே அசல், மாற்றியது, தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றை விற்பவரே தம் கையால் எழுதட்டும். அசல் என்று எழுதியது அசல் இல்லையென்று ஒரு மாதத்துக்குள் தெரிந்தால் பணம் திரும்பும் என்ற வரியும் இருக்கட்டும். கழற்றிய நிலையில் எடுத்த படங்களோடு அந்தச் சீட்டின் ஒரு படியைக் கிதார்ப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். திருகுகளை எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அந்தத் துளையிலேயே திரும்பப் போடுங்கள். இறுக்கும் முன் திருகை ஒருமுறை இடப்பக்கமாகச் சுழற்றி, பழைய புரியில் விழும் மெல்லிய சத்தம் கேட்ட பிறகு வலப்பக்கம் திருப்ப வேண்டும்.